வீவக வீட்டுக்கு டிஜிட்டல் பியானோ: முதலில் கீ, அப்புறம்தான் ஒலி

"மகளுக்கு பியானோ வகுப்பு கிடைச்சிருச்சுண்ணே. வீட்டுல அறுபத்தொரு கீ கீபோர்டு ஒண்ணு சும்மா கிடக்கு, அது போதாதா?" ஜனவரியில் பள்ளி திறந்ததும் இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும்.

போதாது. எந்த சுரம் எங்கே இருக்கிறது என்று முதல் சில வாரங்கள் தடவிப் பார்க்க உதவும், அவ்வளவுதான். அந்தக் கீபோர்டின் ஸ்பிரிங் கீயில் பழகிய விரல் ஆசிரியர் வீட்டு பியானோவில் போய் உட்கார்ந்தால் பாதி சுரம் ஊமையாகிவிடும். பிள்ளையின் மீது குற்றமில்லை, கீயின் கனம் அதற்குப் பழக்கமில்லை.

அதைத் தள்ளிவிட்டால் சிங்கப்பூரில் ஒரு சராசரிக் குடும்பத்தின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: ஆயிரம் வெள்ளிக்குள் அடங்கும் போர்ட்டபிள் (தாங்கியில் வைத்து வாசிக்கும், தூக்கிச் செல்லக்கூடிய டிஜிட்டல்), அதற்கு அடுத்த படியிலுள்ள போர்ட்டபிள், மரப்பெட்டியோடு வரும் கேபினெட் மாடல், பழைய அக்கூஸ்டிக் அப்ரைட், அதாவது கம்பியும் சுத்தியலும் உள்ள நிமிர்ந்த பியானோ. அக்கூஸ்டிக்கின் கீப்பொறியையும் டிஜிட்டல் ஒலியையும் சேர்த்த, பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும் ஹைபிரிட் பியானோக்களும் உண்டு. அவற்றை வாங்கும் வசதியுள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

## எதை வைத்து அளப்பது

கீயின் கனம். அக்கூஸ்டிக் பியானோவில் கீயின் முன்முனையை அழுத்தினால், மறுமுனையிலுள்ள பொறி கம்பளி சுற்றிய சுத்தியலைக் கம்பியின் மேல் எறிகிறது. மந்திர ஸ்தாயியில் சுத்தியல் பெரிது, தார ஸ்தாயிக்குப் போகப்போகச் சிறிது. விரல் உணரும் கனமும் இடமிருந்து வலமாகக் குறைந்துகொண்டே வரும். டிஜிட்டலில் கம்பி கிடையாது. ஒவ்வொரு கீயோடும் ஒரு எடை ஏறி இறங்கி அந்த உணர்வைத் தருகிறது. 'கிரேடட் ஹாமர்' என்று விளம்பரத்தில் வருவது இதைத்தான். பெட்டியில் 'டச் சென்சிட்டிவ்' அல்லது 'செமி வெயிட்டட்' என்று மட்டும் போட்டிருந்தால் அது வேறு ஜாதி. தாண்டிப் போய்விடுங்கள்.

கீ எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதை வைத்துத்தான் கருவி ஒலியின் அளவைத் தீர்மானிக்கிறது. கீயின் அடியில் சற்றே தள்ளித் தள்ளி இரண்டு சென்சார்கள் இருக்கும். முதலாவதைத் தொட்ட பிறகு இரண்டாவதைத் தொட எவ்வளவு நேரம் ஆனது என்பதே கணக்கு. மூன்றாவது சென்சாரும் இருந்தால், கீ முழுதாக மேலே திரும்பும் முன்பே மீண்டும் தட்டினாலும் கருவி அதைப் புரிந்துகொள்ளும். ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் இடங்களில் இந்த வேறுபாடு தெரியும். தொடக்க வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாது.

விளம்பரத்தில் யாரும் சொல்லாத ஒன்று, கீ உள்ளே எவ்வளவு நீளம் என்பது. சீசாப் பலகையில் நடுவுக்கு நெருங்கி உட்கார்ந்தால் எதிரில் இருப்பவரைத் தூக்க முடியாது அல்லவா? அதேபோல, கீ சுழலும் புள்ளி முன்பக்கத்துக்கு அருகில் இருந்தால், கருப்புக் கீகளுக்கு இடையே உள்தள்ளி அழுத்தும்போது கீ கல்லாகிவிடும். ஷார்ப், ஃபிளாட் நிறைந்த பாடங்களில் கட்டைவிரல் அங்கேதான் போய் நிற்கும். மெலிந்த, அழகான கருவிகள் பலவும் இந்த விலையைக் கொடுத்துத்தான் மெலிந்திருக்கின்றன.

ஒலி. பெரிய கச்சேரி பியானோ ஒன்றை ஒவ்வொரு சுரமாக, மெல்லியதிலிருந்து உரத்தது வரை ஒலிப்பதிவு செய்து சிப்பில் வைத்திருப்பார்கள். சில கருவிகள் அந்தப் பதிவோடு கணிதமுறையில் உருவாக்கிய அதிர்வையும் சேர்க்கும். சுரம் எப்படித் தேய்ந்து மறைகிறது, பெடலை அழுத்தினால் மற்றக் கம்பிகளும் சேர்ந்து முனகுகின்றனவா என்பதில்தான் மலிவும் தரமும் பிரியும். 'பாலிபோனி' என்ற எண், ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் உயிரோடு இருக்கலாம் என்பதைச் சொல்கிறது. பெடலை அழுத்திப் பிடித்து நிறைய வாசித்தால் 64 போதாமல் பழைய சுரங்கள் அறுந்துபோகும். 192 இருந்தால் அந்தக் கவலை இல்லை.

ஒலியைப் பிறகு மேம்படுத்திக்கொள்ளலாம். நல்ல ஹெட்போன், வெளி ஸ்பீக்கர், கணினியில் ஒரு பியானோ மென்பொருள் என்று வழிகள் இருக்கின்றன. கீயை மாற்ற வழியே இல்லை. அதனால்தான் ஒலியைக் கேட்டு மயங்கி வாங்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அண்டைவீட்டார். இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை அமைதி நேரம் என்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அறிவுறுத்தல். ஹெட்போன் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார்கள். உங்கள் வீட்டில் தீர்ந்தது. கீழ்வீட்டில், கீகள் அடியில் மோதும் 'தொம் தொம்' தாங்கியின் கால் வழியாகத் தரையில் இறங்கும். இசை எதுவும் கேட்காது, தொம் மட்டும் கேட்கும். அது இன்னும் எரிச்சல்.

இடம். எண்பத்தெட்டுக் கீகள் என்றால் ஏறக்குறைய 130 சென்டிமீட்டர் அகலம். அதிலிருந்து தப்ப முடியாது. ஆழம்தான் மாறும்: போர்ட்டபிள் 23 முதல் 30 சென்டிமீட்டர் வரை, கேபினெட் பெரும்பாலும் 40ஐத் தாண்டும். நான்கறை வீட்டின் சிறிய படுக்கையறையில், அலமாரிக் கதவைத் திறக்க முடியுமா முடியாதா என்பதை இந்தப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் முடிவு செய்துவிடும்.

விலைச்சீட்டில் இல்லாத செலவு. தாங்கி, பெடல், ஸ்டூல், ஹெட்போன், கொண்டுவந்து பொருத்தும் கட்டணம். போர்ட்டபிள் வாங்குவோருக்கு இவை எல்லாம் சேர்ந்து கருவி விலையில் கால்பங்கு, சில சமயம் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். கடைக்காரர் சொல்லும் தொகையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

## முதல் வழி: ஆயிரம் வெள்ளிக்குள் ஒரு போர்ட்டபிள்

இங்கே பேச்செல்லாம் யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10 இரண்டையும் சுற்றித்தான். இரண்டும் ஒரே விலைவாக்கில் இருந்தாலும் குணம் வேறு.

பி-145இன் கீ லேசானது. சிறு பிள்ளைக்கு வசதி, ஆனால் கருப்புக் கீகளுக்கு இடையே போனால் தடுக்கும். பாலிபோனி 64. எஃப்பி-10இன் கீ அமைப்பு பிஎச்ஏ-4. இதே அமைப்பைத்தான் ரோலண்ட் விலை கூடிய எஃப்பி-30எக்ஸிலும் வைக்கிறது. மூன்று சென்சார், மெதுவாக அழுத்தினால் கிராண்ட் பியானோவில் வருவது போன்ற ஒரு சிறு 'நக்', விரல் வழுக்காத மேற்பரப்பு. இந்த விலையில் கீக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் எஃப்பி-10தான் முன்னால். குறைகள் வேறு இடத்தில்: ஸ்பீக்கர் சிறிது (6 வாட் இரண்டு), ஹெட்போன் துளை ஒன்றே ஒன்று, கீ மோதும் சத்தம் சற்று அதிகம், மூன்று பெடல் தொகுதியைப் பொருத்த வழி இல்லை.

இரண்டில் எதை வாங்கினாலும் பெட்டியில் வரும் பெடலைப் பெரிதாக நம்பாதீர்கள். அது பெடலே அல்ல, சுவிட்ச். தரையில் வழுக்கி ஓடும், பிள்ளை அதைத் துரத்திக்கொண்டே வாசிக்கும். பியானோவின் பெடலைப் போன்ற வடிவமுள்ள, பாதி அழுத்தத்தையும் உணரும் பெடல் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். எந்தப் பெடல் உங்கள் மாடலோடு அரைப்பெடலாக வேலை செய்யும் என்பது அந்தந்த நிறுவனத்தின் கையேட்டில் இருக்கும். ஒரு நிறுவனத்தின் பெடல் இன்னொன்றில் தலைகீழாக வேலை செய்வதும் உண்டு.

பெருக்கல் குறி வடிவத் தாங்கியும் வேண்டாம். மலிவுதான். ஆனால் முழங்கால் இடிக்கும், உரத்து வாசித்தால் ஆடும்.

பிள்ளை ஓராண்டு தாக்குப்பிடிக்குமா என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால் இந்த வழி சரி. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கும் இதுதான். 11, 12 கிலோ. ஒருவர் தூக்கி மின்தூக்கிக்குள் வைத்துவிடலாம்.

## இரண்டாம் வழி: ஒரு படி மேலான போர்ட்டபிள்

நான் பெரும்பாலோரை அனுப்புவது இங்கேதான். ஆயிரத்துக்கும் ஆயிரத்தைந்நூறுக்கும் இடையில் சில நூறு வெள்ளி கூடக் கொடுத்தால் கிடைப்பது புதிய கீ அல்ல (ரோலண்டிலும் யமஹாவிலும் கீ அதேதான்). கீயைச் சுற்றியுள்ள எல்லாமே மேம்படுகிறது: ஸ்பீக்கர், பாலிபோனி, இரண்டு ஹெட்போன் துளை, மூன்று பெடல் தொகுதி, மரத்தாங்கி.

இரண்டு ஹெட்போன் துளை அற்ப விஷயமாகத் தோன்றும். இரவு ஒன்பதரைக்கு அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டி நாடகம் பார்க்கும் அதே கூடத்தில், யாருக்கும் தொந்தரவில்லாமல் பாடம் பார்க்க முடிகிற வீட்டில் பயிற்சி நிற்பதில்லை.

| மாடல் | பாலிபோனி | ஸ்பீக்கர் | எடை | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| யமஹா பி-145 | 64 | 7 வாட் இரண்டு | 11.1 கிலோ | சிறு பிள்ளை, முதல் ஓரிரு ஆண்டு |
| ரோலண்ட் எஃப்பி-10 | 96 | 6 வாட் இரண்டு | 12.3 கிலோ | குறைந்த செலவில் நல்ல கீ |
| கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100 | 192 | 8 வாட் இரண்டு | 11.2 கிலோ | இடமே இல்லாத வீடு |
| யமஹா பி-225 | 192 | 7 வாட் இரண்டு | 11.5 கிலோ | லேசான கீ, தெளிவான ஒலி |
| கவாய் இஎஸ்120 | 192 | 10 வாட் இரண்டு | 12.4 கிலோ | இரவில் வாசிப்பவர் |
| ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ் | 256 | 11 வாட் இரண்டு | 14.8 கிலோ | கனமான கீ விரும்புபவர் |

அட்டவணையில் அடங்காத சில விஷயங்கள். எஃப்பி-30எக்ஸின் ஒலி முதலில் கேட்கும்போது கொஞ்சம் மூடினாற்போல் இருக்கும். யமஹாவின் ஒலி பளிச்சென்று இருக்கும். கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் யமஹா ஜெயித்துவிடும். வீட்டில் ஹெட்போனில் ஒரு மணி நேரம் வாசித்தால் முடிவு மாறலாம். இஎஸ்120இல் கீ மோதும் சத்தத்தைக் குறைக்க மெத்தைப் பொருள் வைத்திருக்கிறார்கள், ஒலியும் இதமானது. கீழ்வீட்டாரோடு ஏற்கெனவே மனத்தாங்கல் இருந்தால் இதை முதலில் பாருங்கள். கேசியோவின் ஆழம் 23 சென்டிமீட்டர்தான், பேட்டரியிலும் ஓடும். தீபாவளி ஒன்றுகூடலுக்குச் சமூக மன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். நான் மேலே சொன்ன குட்டைக் கீ பிரச்சினை இதில் தெளிவாகத் தெரியும்.

இதற்கும் மேலே கவாய் இஎஸ்920, யமஹா பி-525 என்று இன்னொரு படி இருக்கிறது. பி-525இல் வெள்ளைக் கீகளுக்குள் நிஜ மரம். எடை 22 கிலோ. அதைப் போர்ட்டபிள் என்று சொல்வது மரியாதைக்குத்தான்.

## மூன்றாம் வழி: கேபினெட் மாடல்

கூடத்தில் வைத்தால் பியானோ மாதிரியே இருக்கும். மூன்று பெடலும் ஆடாமல் நிற்கும், மூடி இருப்பதால் தூசி இறங்காது, வயர்கள் தொங்காது. எப்போதும் தயாராக இருப்பதால் பிள்ளை போகிற வருகிற போக்கில் உட்கார்ந்து வாசிக்கும். இது பெரிய நன்மை, குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தப் பிரிவின் கீழ்த்தட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. பெரிய பெட்டியைப் பார்த்ததும் உள்ளே இருக்கும் கீயும் உயர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். ரோலண்ட் ஆர்பி107இல் இருப்பது எஃப்பி-10இன் அதே பிஎச்ஏ-4. யமஹாவின் வைடிபி-145இல் இருப்பது ஜிஎச்எஸ், அதாவது யமஹா பல ஆண்டுகள் தன் மலிவான போர்ட்டபிள்களில் வைத்திருந்த அதே கீ. அங்கே நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது மரப்பலகைக்கும் பெடலுக்கும் ஸ்பீக்கருக்கும். தெரிந்தே கொடுத்தால் தவறில்லை.

கீ உண்மையில் மாறுவது அதற்கு மேலேதான்: யமஹாவில் வைடிபி-165, கிளாவினோவா வரிசை, கவாயில் சிஎன்201, பிறகு மரக்கீ உள்ள சிஏ401. இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் செலவழிக்கத் தயார், இன்னும் ஐந்தாறு ஆண்டு வீடு மாறப் போவதில்லை, பிள்ளையும் ஓரிரு ஆண்டு வாசித்துக் காட்டிவிட்டது என்றால் இந்த மேல்தட்டு கேபினெட்டுக்குப் போவதில் நியாயம் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு, விற்கும்போது வரும். போர்ட்டபிளை, பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் போட்டால் யாராவது டாக்சியில் வந்து எடுத்துப் போவார்கள். கேபினெட் என்றால் கழற்ற வேண்டும், வேன் வேண்டும், இரண்டு பேர் வேண்டும். அதனால் மாதக்கணக்கில் கிடந்து, கடைசியில் "வந்து எடுத்துக்கொண்டால் இலவசம்" என்று முடிந்த விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

## நான்காம் வழி: பழைய அக்கூஸ்டிக்

"டீச்சர் அக்கூஸ்டிக்தான் வாங்கணும்னு சொல்றாங்க." சொல்வார்கள், காரணமும் உண்டு. தொடுகையின் நுணுக்கத்தில் இன்றைக்கும் எந்த மலிவான டிஜிட்டலும் நல்ல அப்ரைட்டுக்கு ஈடில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய யமஹா யூ1 போன்றவை இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. விலையும் மேல்தட்டு கேபினெட்டோடு ஒட்டியே வரும்.

செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை சுருதி சேர்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் நூறு வெள்ளியை ஒட்டி ஆகும். நம் ஊர் ஈரப்பதத்தில் கம்பளி ஊறும், கீ ஒட்டிக்கொள்ளும், கம்பி துருப்பிடிக்கும். உள்ளே வெப்பக்குழாய் மாட்டி வைக்கிறார்கள். வீடு மாறினால், இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட பொருளைத் தூக்கத் தனி ஆட்கள். ஒலியைக் குறைக்கும் குமிழும் இதில் கிடையாது.

பெற்றோர் வேலை முடிந்து வர எட்டு மணி, பிள்ளை துணைப்பாட வகுப்பு முடிந்து வர ஏழரை. இந்த அட்டவணையில் அக்கூஸ்டிக் வாங்கினால் வாசிக்க நேரம் எங்கே? பியானோ தேர்வில் ஆறாம் கிரேடை நெருங்கும், பிற்பகலில் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் 2020இல் தொடங்கிய பெர்பார்மன்ஸ் கிரேடு தேர்வுகளைக் காணொளியாகப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். முழு அளவுள்ள, எடையுள்ள கீகளும் பெடலும் கொண்ட டிஜிட்டல் பியானோவுக்கு அதில் இடமுண்டு. நேரில் போய் வாசிக்கும் தேர்வு மையத்தில் பொதுவாக அக்கூஸ்டிக்தான் இருக்கும். அதனால் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் அக்கூஸ்டிக் உள்ள ஒரு பயிற்சி அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு.

## பாட்டும் சேர்ந்து நடக்கும் வீடு

அக்கா பியானோ, தங்கை கர்நாடக சங்கீதம் என்று இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. அங்கே டிஜிட்டலுக்கு ஒரு தனி வசதி: டிரான்ஸ்போஸ். பாடுகிறவர் ஐந்தரைக் கட்டை என்றால், அதற்கேற்பக் கருவியின் சுருதியை மாற்றி வைத்துவிட்டு சி மேஜரிலேயே சங்கராபரணத்தை வாசித்துக்கொண்டு போகலாம். மேலே சொன்ன மாடல்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. கமகம் மட்டும் வராது. சுரத்தை வளைக்கும் சக்கரம் சாதாரண டிஜிட்டல் பியானோக்களில் இருக்காது. அது கட்டாயம் வேண்டும் என்றால் கேசியோ பிஎக்ஸ்-எஸ்3100ஐப் பாருங்கள். எடையுள்ள கீயும் அந்தச் சக்கரமும் ஒன்றாக அதில் கிடைக்கும்.

## கடையிலும், கை மாறும்போதும்

கடையில் முதல் வேலை, கருவியை அணைத்துவிட்டு வாசிப்பது. கேட்கும் சத்தம்தான் கீழ்வீட்டாருக்குக் கேட்கப் போவது. பிறகு கருப்புக் கீகளுக்கு நடுவே, பலகையை ஒட்டி வெள்ளைக் கீயை அழுத்துங்கள். ஒரே சுரத்தை மிக மெதுவாகப் பத்து முறை தட்டிப் பாருங்கள்: ஒரே அளவில் வருகிறதா, இடையில் ஊமையாகிறதா? ஒலியைக் கேட்பது கடைசியில், அதுவும் உங்கள் சொந்த ஹெட்போனில். கடையின் உயரமான கூரைக்குக் கீழே எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் கேட்கும்.

ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைத்தால் மலிவு என்று சிலர் யோசனை சொல்வார்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அடாப்டரில் '100-240' என்று இருந்தால் பிழைத்தீர்கள். மின்வழங்கி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 400 வெள்ளியைத் தாண்டிய இறக்குமதிக்கு இங்கே வந்து சேரும்போது பொருள் சேவை வரி தனி. உத்தரவாதம் பெரும்பாலும் கடல் தாண்டாது.

பழைய டிஜிட்டல் வாங்குவதானால் 88 கீயையும் ஒவ்வொன்றாக, மெதுவாகவும் உரத்தும் தட்டுங்கள். ஒரு கீ மட்டும் திடீரென்று கத்தினால் அதன் அடியிலுள்ள ரப்பர் சென்சார் அழுக்காகவோ தேய்ந்தோ இருக்கிறது என்று பொருள். சரிசெய்யலாம், ஆனால் அந்தக் கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஜன்னலோரம் இருந்த கருவியா, குளிர்சாதனத்துக்கு நேர் கீழே இருந்ததா என்று பாருங்கள். எறும்பும் பல்லியும் உள்ளே குடியிருந்த கருவிகள் இந்த ஊரில் அபூர்வமல்ல. பெடலும் அடாப்டரும் கருவியோடு மேசைக்கு வந்த பிறகே பேநவ்வில் பணம் அனுப்புங்கள். "எங்கேயோ இருக்கு, அப்புறம் அனுப்புறேன்" என்றால் ஒன்றை நீங்களே வாங்க வேண்டியிருக்கும், அந்தத் தொகையையும் அங்கேயே பேசிக் குறைத்துவிடுங்கள்.